ஒயரைப் பிரித்துப் போட்டவர்

அந்த எலக்ட்ரீஷியனுக்கு வேலை தெரியாது என்று எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் எழுதியவன் நான். அது பொய்.

மேனாம்பேட்டிலிருந்து வருவார். ஒல்லியான உடம்பு, நரைத்த மீசை. என் வீட்டுப் பாட்டு ஸ்பீக்கர் உறுமுகிறதென்று கூப்பிட்டிருந்தேன். கண்ணை மூடி ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்ட பிறகுதான் ஒயரைத் தொட்டார். "கரண்ட்டு ஒயரும் பாட்டு ஒயரும் ஒண்ணா கீது சார், அதான் உர்ருங்குது" என்று இரண்டையும் தள்ளித் தள்ளிப் போட்டார். உறுமல் நின்றது.

அவர் போனதும், பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று நானே எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டினேன். உறுமல் திரும்பியது. பழியை அவர்மேல் போட்டேன். அதன்பின் குடியிருப்பில் எவரும் அவரைக் கூப்பிடவில்லை.

பல மாதம் கழித்து, தூசி தட்டுவதற்காக அந்த ஒயர்க்கட்டை அவிழ்த்தபோது உறுமல் சட்டென்று அடங்கியது. வெட்கம் பிடுங்கித் தின்றது. குழுவில் உண்மையை எழுதிவிட்டு, அவர் வீட்டு வாசலில் போய் நின்று நடந்ததைச் சொல்லி, எழுதியதைக் காட்டச் செல்போனை நீட்டினேன்.

"கட்னது நீ, அசிங்கப்பட்டது நானா? இன்னா நாயம் சார் இது?" என்று கத்தினார். பிறகு திரையைப் பார்த்தார். "பதினோரு பேரு கட்டவிரல் போட்டுகீறாங்கோ. ஒருத்தனாவது போன் பண்ணானா?"

இதுவரை ஒருவரும் பண்ணவில்லை. என் வீட்டு வேலைக்கு நான் கூப்பிட்டாலும் அவர் எடுப்பதில்லை. பாட்டு இப்போது துல்லியமாகக் கேட்கிறது. கேட்கக் கேட்க என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.