சுல்தானுக்குக் கீழே இரண்டு வரி

மலைமேல் பள்ளங்கிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடச் சுவரில் விடுதலை வீரர்களை வரையப் போனபோதுதான் அந்தச் சரித்திர டீச்சரைப் பார்த்தேன். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் கம்பளிச் சட்டை. காதிடுக்கில் ஒரு சாக்பீஸ். எதற்கும் பதில் சொல்லுமுன் அதை எடுத்து விரல்களில் உருட்டுவார்.

மைசூர் சுல்தானை நான் பாதி வரைந்திருந்தபோது, பூண்டு மூட்டையோடு அந்த வழியாக வந்த ஒருவர் கத்தினார்.

"அழிங்க டீச்சர்! இவரு படைக்குப் பயந்துதான நம்ம ஆளுங்க மலையேறுனாங்க?"

டீச்சர் விரல்களில் சாக்பீஸ் உருண்டது.

"ஆமாண்ணே, எங்க வீட்லயும் அப்படித்தான் சொல்லுவாங்க. வெள்ளைக்காரனோட சண்ட போட்டுச் செத்ததும் இவருதான? இதுல எத அழிக்கச் சொல்றீங்க?"

"அப்ப ரெண்டையும் எழுதுங்க."

டீச்சர் என் தூரிகையை வாங்கி, படத்துக்குக் கீழே கோணல் எழுத்தில் எழுதினார்: 'இவர் படைக்குப் பயந்து நம் முன்னோர் மலையேறினார்கள். இவர் வெள்ளையரோடு போரிட்டு மாண்டார்.'

வந்தவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். "தலப்பாவ நல்லாப் போடுங்க தம்பி" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு எத்தனையோ சுவர்களில் வீரர்களை வரைந்துவிட்டேன். எல்லாரும் சிலைபோல நிற்கிறார்கள். பயந்து ஓடியவர்களின் பேத்தி எழுதிய அந்த வரிகளுக்கு மேலே இருப்பது மட்டும்தான் மனித முகம்.