பார்த்தீனியத்துக்குக் காவல்

முப்பது வருடமாகக் களையெடுத்துப் பிழைப்பவள் மார்த்தாள். அவளைப் போய்ப் பார்த்தீனியம் என்ற களைக்கே காவல் வைத்தார்கள். அந்தச் செடி மண்ணை என்ன செய்கிறது என்று ஆராயப் பெருநகர் கிராமத்துக்கு வந்த பூஜா, கயிறு கட்டிய சதுரத்துக்குள் ஒன்றையும் பிடுங்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பக்கத்து நிலத்தையே மார்த்தாள் குத்தகைக்கு எடுத்து எள் போட்டிருந்தாள். பார்த்தீனியம் பூத்ததும் பூஜாவுக்குப் போன் செய்தாள்.

“ஏம்மா, பூ வுட்டுக்கினு கீது. வெதை பறந்து வந்தா என் எள்ளு இன்னா ஆவறது?”

“ஒரு மாசம் பொறுத்துக்குங்கக்கா.”

“ஒரு மாசமா? அதுக்குள்ள அது பேரன் பேத்தியே எடுத்துடும்!”

போனை வைத்துவிட்டுக் கயிற்றைத் தாண்டினாள். பூவை எல்லாம் கிள்ளி மூட்டை கட்டிய பிறகு, சிவந்த கையைச் சொறிந்துகொண்டே மறுபடியும் கூப்பிட்டாள்.

“உன் செடி, வேரு, மண்ணு எல்லாம் அப்படியே கீது. பூவ மட்டும் கிள்ளிட்டேன். வரும்போது அரிப்புக்கு மருந்து வாங்கினு வா.”