ஒற்றை முடிக்கு இரண்டு நாள் பட்டினி

சாப்பாட்டக்காவுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழக்கத்தில் இல்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் சிறுநீரகச் செல்களை வளர்ப்பது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக ஒருநாள் விட்டு ஒருநாள், தட்டுகளில் பழைய நீரை உறிஞ்சிவிட்டு ரோஜா நிறச் சத்துநீரை ஊற்றி வருகிறார். வீட்டிலும் இதே கதைதான். மீட்டர் பார்க்க வந்தவர்கூட ஒரு வாய் சாப்பிடாமல் படியிறங்க முடியாது. "இவகிட்ட பசிக்கலைன்னு சொல்லிட்டா தொலைஞ்சோம்" என்பார் பஸ் ஓட்டும் கணவர், தொப்பையைத் தடவிக்கொண்டே.

அப்பேர்ப்பட்டவர் தலையில் வந்து விழுந்தது பட்டினி போடும் வேலை!

சிறுநீரகச் செல் ஒவ்வொன்றும் தலையில் ஒரே ஒரு முடி வளர்க்கும். கண்ணுக்கே தெரியாத முடி. நீரோட்டத்தைத் தொட்டுப் பார்த்து உள்ளே தகவல் சொல்வது அதுதான். அது சரியாக அமையாவிட்டால் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் கிளம்பிவிடும். வயிறு நிறைந்த செல்லுக்கோ பெருகுவதிலேயே குறி. இரண்டு நாள் சத்தை நிறுத்தினால்தான் முடி வளர்க்கும் நினைப்பே வரும். அந்தச் செல்லின் சுவரில் அயனிகள் போய்வரக் குட்டிக் கதவுகள் உண்டு. அதில் ஒன்றை மூடிவிட்டால் முடி முளைக்குமா? ஆராய்ச்சிக்காரப் பெண் மூன்று வருடமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பதில் சொல்லாவிட்டால் அவள் மூட்டை கட்டவேண்டியதுதான்.

முதல் தட்டில் கதவு திறந்த செல்கள், இரண்டாவதில் மூடியவை. இரண்டுக்கும் பட்டினி. சனிக்கிழமை அக்கா எட்டிப் பார்த்தபோது இரண்டாவது தட்டு வாடிக் கிடந்தது. 'ஐயோ பாவம், ஒரு வாய்தானே!' என்று சத்துநீரை ஊற்றிவிட்டார். குறிப்பேட்டில் எழுதவில்லை.

திங்கட்கிழமை நுண்ணோக்கி அறையிலிருந்து அந்தப் பெண் கத்திக்கொண்டே ஓடிவந்தாள். "அக்கா, மொட்டை! ரெண்டாவது தட்டுல ஒன்னுக்குக்கூட முடியில்ல!"

அவள் கட்டிப்பிடித்துக் குதிக்க, அக்காவுக்குச் சனிக்கிழமை நினைவுக்கு வந்தது. மொட்டைக்குக் காரணம் மூடிய கதவா, தான் ஊற்றிய அந்த ஒரு வாயா? வாயை மூடிக்கொண்டால் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தப்பு என்று யாரும் விரல் நீட்டியதுமில்லை. மதியம் கொண்டுவந்த டப்பாவை அவர் திறக்கவே இல்லை. சாயங்காலம் அவள் பையை மாட்டும்போது போய் நின்றார்.

"கண்ணு, திட்டணும்னா திட்டிடு. சனிக்கிழமை அந்த ரெண்டாவது தட்டுக்கு நான் சாப்பாடு போட்டுட்டேன்."

"என்னக்கா சொல்றீங்க?"

"வாடிக் கிடந்துச்சு. மனசு கேக்கல."

அவள் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். "மூணு வருஷம்க்கா" என்றாள். மாட்டிய பையைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

அன்றைக்கே இருவரும் புதுத் தட்டுகள் வைத்தார்கள். செவ்வாய் சாயங்காலம் பட்டினி தொடங்கியது. அக்காவும் டீயைத் தவிர வேறெதையும் தொடவில்லை. "செல்லு பட்டினி கிடந்தா உனக்கென்னடி?" என்று கணவர் பதறினார். "அதுங்க வாடும்போது எனக்கு எப்படி இறங்கும்?" என்று எரிந்து விழுந்தார் அக்கா.

வெள்ளி காலை அவள் நுண்ணோக்கியில் வைத்த கண்ணை எடுக்கவே இல்லை. அக்கா கதவோரம் நின்றார்.

"ரெண்டாவது தட்டுலயும் முளைச்சிருக்குக்கா."

அக்காவுக்கு உயிரே போய்விட்டது. "ஐயோ, அப்ப உன் கண்டுபிடிப்பு?"

"முளைச்சிருக்கு, ஆனா எல்லாம் பாதி உயரம்தான். கதவை மூடினாலும் முளைக்குது, வளரத்தான் மாட்டேங்குது. இதுதான் நெசமான பதில். அன்னிக்கு நீங்க சொல்லலன்னா, இன்னிக்கு எல்லார் முன்னாடியும் தப்பா சொல்லிட்டு நின்னிருப்பேன்."

குறிப்பேட்டை நகர்த்தினாள். சனிக்கிழமைக்கு நேரே, 'பாவம் பார்த்து ஊற்றியது' என்று அக்கா எழுதினார். எழுதி முடித்து நிமிர்ந்தால், எதிரே அந்தப் பெண்ணின் சாப்பாட்டு டப்பா திறந்திருக்கிறது.

"சாப்பிடுங்கக்கா. நீங்க சாப்பிடாம நான் கூட்டத்துக்குப் போகமாட்டேன்."

பசிக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தார் சாப்பாட்டக்கா. அதற்குள் அவள் ஒரு வாய் ஊட்டிவிட்டாள்.