கப்பலில் ஏழரை மணி, மலையில் ஆறு மணி

எங்கள் மகள் இந்த வருடம் எங்களுக்காக ஒரு சொகுசுக் கப்பல் பயணம் பதிவு செய்திருக்கிறாள். தெரிந்தவர்கள் எல்லோரும், "நீங்கதான் அந்தக் காலத்திலேயே கப்பல்ல போனவராச்சே, சாப்பாடெல்லாம் எப்படி இருக்கும்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. கப்பலேறப் போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று இங்கே எழுதிவிடுகிறேன். முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பயந்த சுபாவம் உள்ளவன். ருசியைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் பாதி இடத்தில் கவலைதான் வந்து நிற்கும்.

எழுபதுகளின் கடைசியில், ஒரு கார்த்திகை மாதம், திருவண்ணாமலையிலிருந்து பினாங்குக்குப் போனோம். அங்கே என் அக்கா வீட்டுக்காரர் நடத்திய கடையில் எனக்குக் கணக்கு வேலை. அனுமதிச் சீட்டு டிசம்பரோடு காலாவதியாகிவிடும் என்பதால் தள்ளிப்போட வழியில்லை. என் மனைவி சரோஜாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். அதற்கு முன் இரண்டு முறை தங்காமல் போயிருந்தது. டாக்டரம்மா, "இப்ப போனா போங்க, இல்லன்னா குழந்தை பொறந்தப்புறம்தான்" என்று சொன்னார். மூன்று இரவு யோசித்துவிட்டு, பயந்துகொண்டே டிக்கெட் வாங்கினேன்.

விடியற்காலை பஸ். செஞ்சி, திண்டிவனம் வழியாக மெட்ராஸுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். வழியில் கீழ்பென்னாத்தூர்தான் சரோஜாவின் ஊர். பஸ் நிற்கும் இடத்தில் என் மாமியார் புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு காத்திருந்தார். ஜன்னல் வழியாகப் பொட்டலத்தோடு இரண்டு அகல் விளக்கையும் திரியையும் கொடுத்து, "தீபத்தன்னிக்கி கடல்லதான் இருப்பீங்க. நேந்துகிட்டத மறந்துடாதடி. மலையில ஏத்தாம பல்லுல தண்ணி தவிர எதுவும் படக்கூடாது" என்றார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புரியும். தீபத்தன்று சாயங்காலம் சரியாக ஆறு மணிக்கு மலை உச்சியில் நெய்க் கொப்பரையில் தீபம் பற்றிக்கொள்ளும். அதைப் பார்த்துக் கும்பிட்ட பிறகுதான் வீட்டில் விளக்கும் இலையும். இந்தப் பிள்ளை தங்க வேண்டும் என்று சரோஜா நேர்ந்துகொண்டிருந்தாள்.

பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போகிற கப்பல். அக்கா பணம் அனுப்பியிருந்ததால் கேபின் கிடைத்தது. கேபின்காரர்களுக்குத் தனிச் சாப்பாட்டுக்கூடம். வெள்ளைத் துணி விரித்த மேசை, அச்சடித்த உணவுப் பட்டியல், கையுறை போட்ட பரிமாறுகிறவர். முதல் நாள் மதியம் எனக்கு முன்னால் மூன்று கரண்டியும் இரண்டு கத்தியும் வைத்தார்கள். எதை முதலில் எடுப்பது என்ற பயத்தில் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் கையாலேயே பிசைய ஆரம்பித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. சூப், வறுத்த வஞ்சிரம், ஆட்டுக்கறிக் குழம்பு, ரசம், கடைசியில் ஆட ஆட வரும் கஸ்டர்டு. நான்கு மணிக்குத் தேநீரோடு கேக். இத்தனையும் டிக்கெட்டுக்குள் அடக்கம் என்பதை நம்ப முடியாமல் பரிமாறுகிறவரிடம் இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன். சரோஜா கஸ்டர்டு மட்டும் மறுபடி வாங்கினாள்.

இரண்டாம் நாள் காலை மேசைத் துணியெல்லாம் ஈரமாக இருந்தது. யாரோ தண்ணீரைக் கொட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன். தட்டு நழுவாமல் இருக்க அவர்களேதான் நனைத்து வைப்பார்களாம். கடல் கொந்தளிக்கப் போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். நீங்கள் போகும் கப்பலில் துணி ஈரமாக இருந்தால் பொங்கலைக் குறைத்துக்கொள்ளுங்கள். நான் குறைக்கவில்லை, ஆனாலும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சரோஜாவுக்குத்தான் ஆரம்பித்தது. இட்லி, ரஸ்க், வெறும் ரசம், எதுவும் உள்ளே தங்கவில்லை. மூன்றாம் நாளும் அதே கதை. நான் மட்டும் கூடத்தில் தனியாக உட்கார்ந்து புலாவ் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. அப்படி ருசித்ததே எனக்குக் குற்றமாகப் பட்டது.

நான்காம் நாள் தீபம். கப்பல் டாக்டர் வந்து நாடி பார்த்தார். "இன்னிக்கு ராத்திரிக்குள்ள ஏதாவது சாப்பிட்டு அது வயித்துல நிக்கணும். இல்லன்னா ஊசி வழியாத்தான் குளுக்கோஸ் ஏத்தணும். இந்த ஆட்டத்துல அது எனக்கு விருப்பமில்ல" என்றார். அவர் போனதும் சரோஜாவிடம் பால் மட்டுமாவது குடிக்கச் சொல்லிக் கெஞ்சினேன்.

"தண்ணி குடிக்கிறேன் இல்ல. சும்மா இருங்க" என்றாள்.

மாலை ஆறு எப்போது வரும் என்று கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு ஆனதும் கேபினுக்கு ஓடினேன். "சரோ, ஆறாச்சு. ஏத்திட்டாங்க. வா, சாப்பிடப் போலாம்."

அவள் படுத்தபடியே இடது கையை நீட்டிக் காட்டினாள். அவள் கடிகாரத்தில் நாலரை.

கிழக்கே போகிற கப்பலில் தினமும் இரவு கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடுவார்கள். நான் மூன்று இரவும் ஒழுங்காகத் தள்ளி வைத்திருந்தேன். அவள் ஒரு நாளும் கை வைக்கவில்லை.

"நீங்க போற ஊரு நேரத்தப் பாருங்க. நான் நம்ம ஊரு நேரத்தப் பாத்துக்கறேன்" என்றாள்.

விரலை மடித்துக் கணக்குப் போட்டேன். மலையில் ஆறு என்றால் கப்பலில் ஏழரை. சாப்பாட்டுக்கூடம் மூடுவதும் ஏழரைக்குத்தான். ஆறரைக்கு முன்பே சூரியன் மறைந்து, எதிர்ப்பக்கம் பெரிய நிலா வந்துவிட்டது. மேல்தளத்தில் நாலைந்து பெண்கள் நிலாவைக் கும்பிட்டார்கள். ஒருத்தி அகல் ஏற்றப் போக, மாலுமி ஓடிவந்து, தளத்தில் நெருப்பு கூடாது என்று தடுத்தார். எல்லோரும் சாப்பிடக் கீழே இறங்கினார்கள். அதைப் போய் சரோஜாவிடம் சொன்னேன்.

"அவங்களுக்கு வீட்டு விளக்கு. இருட்டுனா ஏத்திக்கலாம். நமக்கு மலை" என்றாள். அவள் உதடு வெடித்திருந்தது.

பரிமாறுகிறவரிடம் போய்க் கேட்டேன். தட்டில் எடுத்து மூடிக் கேபினுக்கு அனுப்புகிறேன் என்றார். ஆறிப்போன சாப்பாட்டின் வாடைதான் அவளைப் புரட்டியது என்று எனக்குத் தெரியும். வேறு வழியில்லாமல் சமையலறை வாசலில் போய் நின்றேன். உள்ளே தலைமைச் சமையல்காரர் கபூர் பாய், அறுபதை நெருங்கும் பெரிய உருவம், துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"எந்தத் தீபம்? அண்ணாமலையா?" என்றார்.

"ஆமாங்க பாய்."

"நான் போளூரு. எங்க வீட்டு மாடி மேல நின்னா தெரியும். சின்னப் புள்ளைல அதப் பாக்க அடிச்சிக்குவோம்." சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தார். "அடுப்ப ஏழேகாலுக்கு அணைச்சாகணும் தம்பி. எண்ணெய்க் குழாய மூடிட்டுப் போயி இன்ஜினியருகிட்ட சொல்லணும். இன்னிக்கி ஒரு அடுப்பு மட்டும் லேட்டுன்னு அவருகிட்ட நான் பேசிக்கறேன். ஏழரைக்கு அந்தம்மாவக் கூட்டியா. தோசைக்கல்லு தனி, மீன் வாசனை படாது."

சரோஜாவைத் தாங்கிக் கூட்டிக்கொண்டு போனேன். படியில் இரண்டு இடத்தில் நின்றாள். எதற்கும் இருக்கட்டும் என்று கேபினில் வைத்திருந்த காகிதப் பையையும் கையில் எடுத்துக்கொண்டேன். சமையலறையில் எல்லா அடுப்பும் அணைந்து கிடந்தன. எண்ணெயில் எரியும் பெரிய இரும்பு அடுப்பு ஒன்றின் பக்கத்தில் கபூர் பாய் தீப்பெட்டியோடு நின்றார்.

"நேரம் நீ சொல்லு தங்கச்சி. என் கடிகாரம் சிங்கப்பூருக்குப் போயிட்டிருக்கு" என்றார்.

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. பாத்திரங்கள் கொக்கியில் இடித்துக்கொண்டன. எனக்கு அந்தச் சில நிமிடம் ஒரு யுகம்.

"இப்ப" என்றாள்.

அவர் குச்சியைக் கிழித்து வைத்ததும் நெருப்பு குப்பென்று கல்லின் உயரத்துக்கு எழுந்தது. அவர் உடனே தீயைத் தணிக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே எரிய விட்டார். சரோஜா கதவை விட்டுவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி, "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று மெல்லச் சொன்னாள். நானும் சொன்னேன். என் கையில் காகிதப் பை இருந்தது.

பிறகு மாவை ஊற்றினார். "நெய் ஜாஸ்தியா, கம்மியா?"

"ஜாஸ்தி" என்றாள்.

ஒரு தோசையைக் கிள்ளிக் கிள்ளிச் சாப்பிட்டாள். நான் பையைப் பிரித்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தபடி நின்றேன்.

"அதக் கீழ வைங்க. அதப் பாத்தாதான் வருது" என்றாள். கபூர் பாய் சிரித்துவிட்டார். இரண்டாவது தோசையை முழுசாகச் சாப்பிட்டாள். அன்று காலையிலிருந்து நானும் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடவில்லை. அந்தக் கப்பலில் நான் சாப்பிட்டதிலேயே ருசியானது அங்கே நின்றுகொண்டு சாப்பிட்ட நெய்தோசைதான். அச்சடித்த உணவுப் பட்டியலில் அது இல்லை.

அன்றிரவு நான் தூங்கவில்லை. அவள் புரளும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. விடிந்ததும், "கஸ்டர்டு காலையில குடுக்க மாட்டாங்களா?" என்று கேட்டாள். சித்திரையில் பினாங்கில் பெண் பிறந்தாள்.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள். கப்பலின் நடுப்பகுதியில் கேபின் கேளுங்கள், ஆட்டம் குறைவு. உப்பில் ஊறிய எலுமிச்சை ஊறுகாய் கொஞ்சம் கையில் இருக்கட்டும். ஏறியவுடன் சாப்பாட்டுக்கூடம் எத்தனை மணிக்கு மூடும் என்று கேட்டுவையுங்கள். விரதம் ஏதாவது இருந்தால் அன்று மதியமே சமையலறையில் சொல்லிவிடுங்கள், என்னைப் போலக் கடைசி நேரத்தில் ஓடாதீர்கள். இப்போது போன் தானாகவே மணியை மாற்றிக்கொள்கிறது. அதனால் கணவன் மனைவி போனால் ஒருவராவது பழைய கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு, அதை மாற்றாமல் வைத்திருங்கள்.

எங்கள் புதிய பயணமும் கார்த்திகையில்தான் வருகிறது. மகள் போனில் கப்பலின் படங்களைக் காட்டினாள். பதினோரு உணவகம். ராத்திரி சாப்பாடு எத்தனை மணி வரை என்று நான்தான் முதலில் கேட்டேன். "இருபத்துநாலு மணி நேரமும் கெடைக்கும்பா, கவலையே படாதீங்க" என்றாள்.

சரோஜா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். கடைசியில் மகளிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"அடுப்பு இருக்கற எடத்துக்கு நம்மள விடுவாங்களான்னு கேளு."