மாமனார் அறைக் கேமராவுக்கு ஒரு வேலி

குன்னூர் பஜாரில் கேமரா மாட்டுகிறவன் கடைக்கு ஒரு பிளக் வாங்கப் போயிருந்தேன். எங்கள் வீட்டுக் கேமராவை மாட்டியவன் அவன்தான். பிளக்கைத் தேடிக்கொண்டே பேச்சுக் கொடுத்தான்.

"ஏனுங்க அக்கா, நேத்து மாமனாரு டம்ளரத் தட்டி உட்டுட்டாருங்களே. வேஷ்டியெல்லாம் நனஞ்சு, பாவம், நீங்கதான் ஒத்தையா மாத்துனீங்க."

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவனுடைய கூட்டாளி ஒருவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். தெரிந்தவரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. அந்த ஆளை நான் அதுவரை கண்டதே இல்லை.

"உனக்கெப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"எல்லா ஊட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு போட்டிருவனுங்க. ரிப்பேர்னா இங்கிருந்தே பாத்துக்கலாம் பாருங்க" என்றான். மறைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

மாமனாருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோயிருந்தது. பேச்சும் குழறிவிட்டது. பெங்களூரில் இருக்கும் கொழுந்தனார், அப்பாவைத் தினமும் பார்க்க வேண்டும் என்று சொல்லி, தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற அந்தக் கேமராவை வைக்கச் சொன்னார். அந்த அறையில்தான் நான் அவருக்கு உடம்பு துடைத்துவிடுவேன், துணி மாற்றுவேன், மலம் அள்ளுவேன். குனிந்து நிமிர்ந்து வேலை செய்யும்போது என் சேலை எங்கே இருந்தது என்று யார் பார்த்தார்கள்? பஜாரிலிருந்து வீட்டுக்கு மேடேறும்போது இதே நினைப்புத்தான். வந்ததும் கேமராவின் ஒயரைப் பிடுங்கினேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

கொழுந்தனார் போனில் கத்தினார். "பாஸ்வேர்ட மாத்துனாப் போதும் அண்ணி, அதுக்காக அப்பாவப் பாக்க உடமாட்டீங்களா?" கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் பேக்டரியில் வேலை பார்க்கும் என் கணவரும், "விடேன், அவன் கடைக்கு இனிப் போகாம இருந்தாச் சரி" என்றார். இரண்டு பேருக்கும் அருவருப்பே வரவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

தேயிலை ஏலத் தரகர் அலுவலகம் ஒன்றில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பாஸ்வேர்டு மாற்றினால் போதாது என்று எனக்குத் தெரியும். அந்த மாதிரிக் கேமரா, தன்னைச் செய்த கம்பெனிக்கே படத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். வீட்டுக்கும் இணையத்துக்கும் நடுவில் ஒரு ஃபயர்வால் வைத்து, எது வெளியே போகலாம், யார் உள்ளே வரலாம் என்று நான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு இரவும் பகலும் ஓடுகிற ஒரு சின்னக் கணினி தேவை.

அலுவலகத்தில் ஒதுக்கிப் போட்ட பழைய டெஸ்க்டாப் ஒன்றைக் கேட்டு வாங்கி ஓட்டிப் பார்த்தேன். காற்று மழையில் மரம் விழுந்து கரண்டு போனதும் இன்வெர்ட்டரை அது குடித்துத் தீர்த்துவிட்டது. மாமனாரின் காற்று மெத்தைக்கும் அதே இன்வெர்ட்டர்தான். அவருக்குப் படுக்கைப்புண் வர நான் வழி செய்வதா? அதைத் திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்தது, உள்ளங்கை அகலத்தில், போன் சார்ஜர் அளவு மின்சாரத்தில் ஓடுகிற ஒற்றைப் போர்டுக் கணினி. எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் அதில் நெட்வொர்க் ஒயர் செருக ஒரே ஓட்டைதான். ஃபயர்வாலுக்கு இரண்டு வேண்டும்: வெளியிலிருந்து வருவதற்கு ஒன்று, வீட்டுக்குள் போவதற்கு ஒன்று. இரண்டாவதற்கு யுஎஸ்பியில் ஓர் அடாப்டரைத் தொங்கவிட்டேன். நினைத்தபோது அதில் இணைப்பு அறுந்துபோகும். நாலைந்து முறை கரண்டு போய் வந்ததில் மெமரி கார்டும் கெட்டது.

மூன்றாவதாகக் கோயம்புத்தூர்க் கடை ஒன்றில், "புதுசு மாதிரிங்க" என்று சொல்லி ஒரு பெட்டியைக் கொடுத்தார்கள். இரண்டு ஓட்டை இருந்தது, உள்ளே குட்டி விசிறியும் இருந்தது. வீட்டில் மூடியைக் கழற்றினேன். எண்ணெய்ச் சிக்கு வாடை குப்பென்று அடித்தது. விசிறி முழுக்கப் பிசுக்கு. போர்டின் மேல் கரப்பான் முட்டைகள் வரிசையாக ஒட்டியிருந்தன. செத்த கரப்பான் ஒன்றின் கால் சிப்புக்கடியில் சிக்கியிருந்தது. ஏதோ ஓட்டல் சமையலறையில் கிடந்திருக்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்த என்னை நானே திட்டிக்கொண்டு மேசையை மூன்று தரம் துடைத்தேன்.

கடைசியில், விசிறியே இல்லாத, இரும்பு உடம்புள்ள சின்னப் பெட்டிதான் சரி என்று பட்டது. இரண்டு ஓட்டையும் போர்டிலேயே இருந்தன. மெமரி கார்டுக்குப் பதில், கரண்டு போய் வந்தாலும் லேசில் கெடாத எஸ்எஸ்டி உள்ளே இருந்தது. விசிறி இல்லாததால் எங்கள் மலையில் வீட்டுக்குள் நுழைகிற மேகத்தின் ஈரத்தை உள்ளே இழுக்காது. அதன் இளஞ்சூட்டில் பூஞ்சையும் பிடிக்கவில்லை. இன்வெர்ட்டருக்கும் அது ஒரு பாரமாகத் தெரியவில்லை.

அதை ஓடவிட்டுக் கேமராவைச் செருகினேன். படம் அனுப்பு என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் எங்கேயோ இருக்கிற முகவரிகளை அது தட்டிக்கொண்டே இருந்தது. பெட்டி மறுத்த ஒவ்வொரு முயற்சியும் ஒரு வரியாகத் திரையில் சரசரவென்று ஏறியது. எண்ணுவதை விட்டுவிட்டேன். இனி என் பெட்டி அனுமதித்தால்தான் கொழுந்தனாருக்கே படம் போகும்.

சோதித்துப் பார்க்க என் போனில் இருந்து கேமராவின் தலையைத் திருப்பினேன். கட்டிலில் மாமனார் துடித்துப்போனார். நல்ல கையை உயர்த்தி, "திருப்... திருப்..." என்று குழறினார்.

அந்தச் சொல்லை நான் மாதக்கணக்காகக் கேட்டிருக்கிறேன். திருப்பிப் படுக்க வை என்கிறார் என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்திருக்கிறேன். இப்போது அவர் விரல் கேமராவைக் காட்டியது.

"மாமா, அது திரும்புதுன்னா சொன்னீங்க?"

தலையை ஆட்டினார். கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் ஓடியது. யாரும் இல்லாத வேளையில் அது தானாகத் திரும்பித் தன்னைப் பார்ப்பதை அவர் கண்டிருக்கிறார், என்னிடம் சொல்லியும் இருக்கிறார். நான்தான் அவரைச் சுவர்ப் பக்கமும் ஜன்னல் பக்கமும் புரட்டிக்கொண்டிருந்தேன். அந்த நிமிடம் எனக்கு என் மேல் வந்த அருவருப்பு, கடைக்காரன் மேல் வந்ததைவிடக் குறைவில்லை.

"இது வேணுமா மாமா? இப்ப உங்க சின்ன மகன் மட்டுந்தான் பாக்க முடியும்" என்று கேட்டேன்.

"வே... ண்டா."

கழற்றிவிட்டேன். அவரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டியதை, இத்தனை போர்டுகளைப் பார்த்த பிறகுதான் கேட்டேன். கொழுந்தனாரிடம், "அப்பாவப் பாக்கணும்னா வண்டியேறி வாங்க" என்றேன். ஒரு மாதம் பேசவில்லை. பிறகு வந்தார். பெட்டி மட்டும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. டிவியும் வெளியே எதையோ அனுப்பப் பார்க்கிறது என்று அதில்தான் கண்டுபிடித்தேன்.

போன வாரம் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி வாசலில் அதே கேமராக் கடைக்காரன் ஏணி மேல் நின்றிருந்தான். கையில் டிரில். நான் நேராக உள்ளே போய் வார்டனம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெட்கப்படாமல் என் சேலையைப் பற்றியும் சொன்னேன். அவர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.

"எறங்குப்பா" என்றார். "மாட்டுனதையும் கழட்டிட்டு எறங்கு."


அவன் என்னைப் பார்த்து, "ஏனக்கா, பொழப்புல மண்ணப் போடறீங்க?" என்றான். இறங்கி முடிக்கும் வரை நான் அங்கேயே நின்றேன்.