ஐப்பசியில் ஓர் இலையுதிர்காலம்

அந்தப் பாட்டிலை நினைத்தால் இன்றும் எனக்குக் குமட்டுகிறது. உள்ளே இருந்த எலுமிச்சம்பழம் அழுகி வெள்ளைப் பூஞ்சை பிடித்திருந்தது. குத்தியிருந்த குண்டூசிகள் துருவேறி, அந்தக் கொழகொழப்பில் என் தலைமுடி ஒட்டிக் கிடந்தது. குமட்டல் பழத்தால் மட்டும் வருவதில்லை.

போடியில் அப்பா வீட்டில் இருந்துகொண்டு சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு லேப்டாப்பில் வேலை பார்க்கிறேன். ஊரடங்கில் வந்தவள் திரும்பிப் போகவில்லை. போடிமெட்டுக்கு அப்பால் எங்களுக்குச் சின்னதாக ஓர் ஏலக்காய்த் தோட்டம் உண்டு, அப்பாதான் பார்த்துக்கொள்கிறார். நாலு சுவருக்குள் கிடந்த அந்த வருடங்களில் எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. தங்களை நவீன சூனியக்காரிகள் என்று சொல்லிக்கொள்ளும் பெண்களின் குழு ஒன்றில் போனிலேயே சேர்ந்தேன். யாருக்கும் கெடுதல் செய்கிற கூட்டம் இல்லை. மெழுகுவர்த்தி ஏற்றுவோம், துளசி டீ குடிப்போம், நிலாவைப் படம் பிடித்துப் போடுவோம், ஒருத்திக்கு ஒருத்தி இதயம் அனுப்பிக்கொள்வோம். பெங்களூரில் இருந்து ஒரு பெண் ஆங்கிலத்தில் வகுப்பெடுத்தார். பருவத்தின் ஆற்றலைத் தழுவிக்கொள்ளுங்கள் என்பது அவருடைய ஓயாத பல்லவி.

ஓர் அக்டோபர் கடைசியில் இலையுதிர்காலம் வந்துவிட்டது என்றார் அவர். மரம் இலையை விடுவதுபோல் நாமும் வேண்டாததை விட்டுவிட வேண்டுமாம். எனக்கு ஜன்னலுக்கு வெளியே ஐப்பசி அடைமழை. தெருவில் சாக்கடை பொங்கி ஓடியது. மலையில் ஓர் இலை உதிரவில்லை. உதிர்கிற மாதமும் அது இல்லை. காய் எடுப்பு மும்முரமாக இருந்தது. பெண்கள் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு, கால் நிறைய அட்டைப்பூச்சிகளோடு, செடியின் தூரில் குனிந்து காய் பறித்துக்கொண்டிருந்தார்கள். எந்த நாட்டு மரமோ இலை உதிர்த்ததற்கு நான் போடியில் உட்கார்ந்து கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டேன். அன்றைக்கே சிரித்துத் தொலைத்திருக்கலாம்.

சிரிக்கவில்லை. அவர் சொன்னபடி ஒரு பழைய ஊறுகாய்ப் பாட்டிலில் எலுமிச்சம்பழத்தைப் போட்டு, அதில் ஐந்து குண்டூசி குத்தி, கிராம்பும் சிவப்பு நூலும் சேர்த்தேன். சீப்பில் இருந்த என் முடியைச் சுருட்டிப் போட்டேன். மதுரையில் பார்லருக்குப் போய்ச் செம்பட்டையாகச் சாயம் ஏற்றிய முடி. எதை விட வேண்டுமோ அதைத் தாளில் எழுதச் சொன்னார். 'பயம்' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். காய்க்கிற செடியின் அடியில் புதைக்க வேண்டும் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு ஜீப்பில் மேலே போனேன். அவர் கங்காணியோடு பேசிக்கொண்டிருந்தபோது, பலாமரத்துக்குக் கீழே இருந்த ஒரு செடியின் தூரில் புதைத்தேன். மண் ஒட்டிய கையைப் படம் பிடித்துக் குழுவில் போட்டேன். எல்லாரும் இதயம் அனுப்பினார்கள்.

இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவள் நான். ஊசி குத்திய எலுமிச்சம்பழமும் முடியும் தோட்டத்து மண்ணுக்குள் கிடந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று போடியில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆங்கிலத்தில் கேட்டதால் எனக்கு மட்டும் அது வேறு ஏதோவாகத் தெரிந்தது.

மூன்றாவது வாரம் அந்தச் செடியில் காய் எடுத்தவள் கையில் பாட்டில் மூடி தட்டுப்பட்டது. அலறிக்கொண்டு எழுந்தாளாம். அன்றைக்கும் நான் மேலே போயிருந்தேன். கங்காணி பாட்டிலைக் கையால் தொடாமல் இரண்டு குச்சியில் இடுக்கிக் கொண்டுவந்து, காய் உலர்த்துகிற ஸ்டோரின் வாசலில் வைத்தார். மூடி திறந்துகொண்டு வாடை வந்தது.

"செய்வினைங்க மொதலாளி. பொம்பளையாளு முடி."

அப்பா ஈரத்தாளைக் குச்சியால் பிரித்துப் பார்த்தார். பிறகு முடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தச் சாயத்துக்காக வீட்டில் ஒரு வாரம் என்னைத் திட்டியவர் அவர். அவருக்குத் தெரிந்துவிட்டது.

பத்து நாள் முன்னால்தான் காய் பறிப்பவர்களில் ஒருத்தி சரிவில் வழுக்கிக் கால் ஒடிந்து வீட்டில் கிடந்தாள். அதற்கு முந்தின வாரம் வேலையாட்களை ஏற்றிவரும் ஜீப்பில் அவளோடு இடத்துக்குச் சண்டை போட்டவர் சிலமலையில் இருந்து வரும் ஓர் அக்கா. கணவரை இழந்தவர், இரண்டு பெண் பிள்ளைகள். எண்ணெய் காணாமல் வெயிலில் காய்ந்து அவர் முடியும் செம்பட்டையாக இருக்கும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லாக் கண்ணும் அவர் கொண்டைக்குப் போய்விட்டது.

தோட்டத்து உச்சியில் கருப்பசாமி கல் ஒன்று இருக்கிறது. அதன் முன்னால் சூடம் ஏற்றி, வேலையாட்கள் எல்லாரும் அதை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்று கங்காணி முடிவு செய்தார். மழைத் தூறலில் சூடம் நிற்கவில்லை. என் குடையை வாங்கி மேலே பிடித்தார்கள். ஒவ்வொருத்தியாக வந்து, நான் வைக்கவில்லை என்று சொல்லி அடித்தார்கள். அந்த அக்காவின் முறை வந்தது. அவர் சூடத்தைப் பார்க்கவில்லை, சாமியைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, நிதானமாக, நெருப்பில் கையை வைத்து அழுத்தினார். மற்றவர்களைவிடக் கூடுதல் நேரம் வைத்திருந்தார். முதலாளி வீட்டாரிடம் யாரும் சத்தியம் கேட்கவில்லை. நான் நனைந்துகொண்டு நின்றேன்.

எல்லாரும் சத்தியம் செய்துவிட்டதால் யாரோ ஒருத்தி பொய்ச் சத்தியம் செய்தாள் என்று ஆகிவிட்டது. மறுநாள் ஜீப்பில் அந்த அக்கா ஏறினால் மற்றவர்கள் இறங்கிக்கொள்வோம் என்றார்கள். கங்காணி அப்பாவுக்குப் போன் செய்தார். அந்தம்மா இனி வர வேண்டாம் என்று அப்பா சொன்னது பக்கத்து அறையில் இருந்த என் காதில் விழுந்தது.

வெளியே வந்து, அப்பா, அது நான் என்று ஆரம்பித்தேன். முழுதாகச் சொல்லவிடவில்லை.

"மொதலாளி மகளே செய்வினை வச்சான்னா அந்தத் தோட்டத்துக்கு எவ வருவா? காய் செடியில பழுத்துக் கெடக்கு. வாயப் பொத்திக்கிட்டு ஒஞ் சோலியப் பாரு."

எனக்கு அருவருப்பாக இருந்தது. அதைவிட அருவருப்பு, அவர் அப்படிச் சொன்னதும் உள்ளுக்குள் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. சொல்லத்தான் போனேன், அப்பா தடுத்துவிட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அதைக் கட்டிக்கொண்டு மார்கழி வரை ஓட்டினேன். குழுவில் அடுத்து குளிர்காலத்தின் ஆற்றல் பற்றிப் பேசினார்கள். உள்ளே ஒடுங்குங்கள், மௌனமாக இருங்கள் என்றார் அந்தப் பெண். எனக்குப் பிடரியில் அறைந்ததுபோல் இருந்தது. அன்றைக்கே குழுவை விட்டு வெளியேறினேன். ஏன் என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

தை மாதம் போடி பஸ் ஸ்டாண்டில் அந்த அக்காவைப் பார்த்தேன். சிலமலை பஸ்சுக்கு நின்றுகொண்டிருந்தார். வேறு இரண்டு தோட்டத்தில் கேட்டுப் பார்த்ததாகவும், பேச்சு தனக்கு முன்னால் அங்கே போய்விட்டதாகவும் நான் கேட்காமலே சொன்னார். டவுனில் காய் தரம் பிரிக்கிற இடத்திலும் பக்கத்தில் உட்கார ஆள் இல்லையாம். இப்போது ராசிங்காபுரம் பக்கம் களை எடுக்கப் போகிறார். மூத்த பெண்ணைக் கேட்டு வந்தவர்களும் விஷயம் கேள்விப்பட்டு விலகிவிட்டார்கள் என்றார். அவர் உள்ளங்கையில் சூடம் சுட்ட தழும்பு வட்டமாக இருந்தது.

"அக்கா, அந்தப் பாட்டில வச்சது நான்" என்றேன்.

அவர் முகம் மாறவே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை உரமூட்டை இறக்க அவரும் மேலே வந்திருந்தாராம். ஒதுங்கப் போன இடத்தில், நான் தோண்டியதையும் கையைப் படம் பிடித்ததையும் செடி மறைவில் இருந்து பார்த்திருக்கிறார். ஏதோ படிச்ச பிள்ளை விளையாட்டு என்று விட்டுவிட்டாராம். அப்புறம் ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நாஞ் சொன்னா யாரு நம்புவா? நீங்களே சொல்லிருவீங்கன்னுதான் ஒங்க மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

மன்னித்துவிடுங்கள் என்று ஏதோ உளறினேன். பஸ் வந்துவிட்டது. பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஒன்று சொன்னார்.

"இத எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க பாப்பா? எனக்குத்தான் தெரியுமே. ஜீப்புல போயிச் சொல்லுங்க."

மறுநாள் காலையில் ஜீப் நிற்கிற இடத்துக்குப் போனேன். உண்மையிலேயே சொல்லத்தான் போனேன். பெண்கள் டீக்கடை வாசலில் நின்றிருந்தார்கள். கால் ஒடிந்தவளும் தேறி வந்திருந்தாள். வாங்க பாப்பா, குளிருதுல, ஒரு டீ சாப்பிடுங்க என்று அவளே வாங்கிக் கொடுத்தாள். குடித்தேன். கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். தம்ளரை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இப்போது இதை எழுதுகிறேன். அந்த ஜீப்பில் போகிற யாரும் இதைப் படிக்கப் போவதில்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். ஒருவர் பெயரையும் போடவில்லை. அந்த அக்காவின் பெயர் மறுபடியும் அடிபடக் கூடாது என்பதற்காக என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் பெயர் சிலமலை முழுக்க அடிபட்டுக்கொண்டுதான் இருக்கிறது. மறைந்திருப்பது என் பெயர் மட்டும்தான்.