கேட்டில் மாட்டிய கேன்

போன வருஷம் ஆடி மாதம். கும்மிடிப்பூண்டியில் பிளாஸ்டிக் சாமான் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். புதுவாயல் பக்கம் எங்கள் தெருவுக்கு ஆராய்ச்சிக் குழுவிலிருந்து ஒரு பெண் வந்தாள். பிரஷரை ஏற்றும் உப்பை இந்தப் பகுதி ஜனங்கள் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள, ஒரு நாள் முழுக்கப் போகும் சிறுநீரைச் சொட்டு விடாமல் கேனில் பிடித்துத் தர வேண்டுமாம். ஒரு தடவை விட்டாலும் அத்தனையும் வீண். தெருவே சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தியது. என் அக்கா, பிரஷர் இருப்பதே தெரியாமல் இருந்து, கிட்னி கெட்டு டயாலிசிஸில் இருக்கிறாள். அதனால் நான் மட்டும் சரியென்றேன்.

லீவு நாளாகப் பார்த்து ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தேன். உடனே கம்பெனியிலிருந்து போன். அவசர ஆர்டராம், டூட்டிக்கு வரணுமாம். வேறு வழியில்லாமல் கேனைக் கட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கேட்டில் பெண்களைச் சோதிக்கும் அறையில் எளாவூர்க்கார செக்யூரிட்டி அம்மா. சிரித்துப் பார்த்ததே கிடையாது.

"இன்னாமா இது, மோரா?" என்று மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோயே விட்டார்.

ஒருவழியாக விஷயத்தைச் சொன்னேன். முதலில் முறைத்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரும்வரை! அக்காவைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பு நின்றது. "உள்ள வுட ரூல்ஸ் இல்லமா. இங்கியே இருக்கட்டும், நான் பாத்துக்கறேன். பக்கத்துலயே பாத்ரூம் கீது" என்றார்.

மதியத்துக்கு மேல் வந்தது வினை. டீ பிரேக் கிடையாது, லைனை விட்டு நகரக்கூடாது என்றுவிட்டார் சூப்பர்வைசர். அந்த ஆம்பிளையிடம் கேனைப் பற்றி எப்படிச் சொல்வது? அடக்கிப் பார்த்தேன். இவ்வளவு பாடுபட்டும் வீணாகப் போகிறதே என்று அழுகையே வந்துவிட்டது.

அப்போது செக்யூரிட்டி அம்மா விறுவிறுவென்று உள்ளே வந்தார். "சார், இந்தம்மாவ செக் பண்ணணும், இட்டுகினு போறேன்" என்று கடுகடுத்தபடி என் கையைப் பிடித்தார். லைன் மொத்தமும் வாயைப் பிளந்தது. அறைக்குப் போனதும் கேனை நீட்டினார்.

"போ, போ! டீக்கு யாருமே வெளிய வரலியா, அப்பவே நென்ச்சேன்."

திரும்பி வந்தால் எல்லாரும் என்னைத் திருடியாகவே பார்த்தார்கள். "இன்னாத்த எடுத்துகினு மாட்டின?" என்று பக்கத்து மெஷின்காரி கேட்டேவிட்டாள். திருடி என்ற பேருக்கு இதுவே மேல் என்று உண்மையைப் போட்டு உடைத்தேன். மெஷின் சத்தத்தையும் மீறிச் சிரிப்பு. சூப்பர்வைசர் எங்கோ பார்ப்பதுபோல் நழுவிவிட்டார். ஆனால் கேலி செய்தவர்களே டூட்டி முடிந்ததும் அப்பாவுக்குப் பிரஷர், மாமியாருக்குக் கிட்னி என்று ஆரம்பித்து, "எங்க ஊட்டாண்டயும் வரச் சொல்லேன்" என்றார்கள். செக்யூரிட்டி அம்மாவும் கேட்டார். மறுநாள் காலையில் கேனைக் கொடுத்துவிட்டு இதைச் சொன்னதும், அந்த ஆராய்ச்சிக் குழுப் பெண் என்னைக் கட்டிக்கொண்டாள்.

அக்காவிடம் சொன்னபோது வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "நான் நல்லா இருந்தப்பவே இவங்க வந்திருக்கக் கூடாதாடீ?" என்றாள். இனி எந்த வீட்டிலும் ஒருத்தி அப்படிக் கேட்காமல் இருக்க என்னால் ஆனது ஒரு கேன் சிறுநீர்தான். அதை இன்றைக்கு யாரிடமும் கூச்சமில்லாமல், பெருமையாகவே சொல்கிறேன்.